திட்டுறான்னா உயிரோட இருக்கான்

கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. ரெஜினா தேவராஜின் முகம், சுற்றிலும் பூ வரைந்த சட்டம், கீழே அடக்க ஆராதனை நடக்கும் நேரம். அனுப்பியவர் சிதம்பரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர். நான் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் நம்பியிருந்தால் நான் இந்த வியாபாரத்தில் நின்றிருக்க மாட்டேன். ரெஜினாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். "காலங்கார்த்தால இன்னாண்ணே?" என்று ஒரு அதட்டல் வரும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவருடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குத் தனி எண் உண்டு. அதற்கு அடித்தேன். எடுத்தது அவர் கணவர் தேவராஜ். "அண்ணே..." என்றார். படத்தில் போட்டிருந்த அடக்க நேரத்தையே அவரும் சொன்னார்.

ஒரு வழியில் பதில் வரவில்லை என்றால் இன்னொரு வழியில் கேட்டுப் பார், அதற்கப்புறம் முடிவுக்கு வா என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். இந்த முறை பதில் மாறவில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மருந்துக்கடை வைத்திருக்கும் நம்மில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பில் போடுகிற கம்ப்யூட்டர் படுத்தால் ரெஜினாவைக் கூப்பிடு என்பதுதான் வழக்கம். சிதம்பரம் கீழவீதி பக்கம் சின்னக் கடை. எத்தனை பேர் காத்திருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசுவார். அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு.

நான் அண்ணாகிராமத்துப் பக்கத்துக்காரன். படிப்பு பத்தாவதோடு சரி. மருந்துப் பெட்டியை டி.வி.எஸ்-50யில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போட்டு, அப்புறம் மஞ்சக்குப்பத்தில் மொத்த வியாபாரம், அப்புறம் சிதம்பரத்தில் ஒரு கிளை என்று வந்தவன். பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சிதம்பரம் கிளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க முதன்முதலாக அவர் கடைக்குப் போனபோதும் பேரம் பேசினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்ணே, நீங்க கேக்குற விலைக்கு ஒரு மிஷின் இருக்குது. எடுத்துட்டுப் போனீங்கன்னா ரெண்டு மாசத்துல வந்து என்னைத் திட்டுவீங்க. அந்தத் திட்டை இப்பவே திட்டிட்டுப் போயிடுங்க. மிஷின் வேணாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் சரக்கை விற்கமாட்டேன் என்று சொல்லும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் சொன்ன விலைக்கே வாங்கி வந்தேன். நான் விலை குறைக்காமல் வாங்கினேன் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி கூட நம்பவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு விஜயதசமி நாளைப் பற்றி. அன்று நடந்ததில் ஒரு துண்டுதான் உங்களில் சிலருக்குத் தெரியும். முழுதும் தெரிந்தவர்கள் அவரும் நானும் என் கணக்கர் குமாரசாமியும்தான். அதில் ஒருவர் இப்போது இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

அன்று காலையில் கடையைத் திறந்ததும் ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து அழைப்பு. குழந்தைகளுக்கான வலிப்பு மருந்து, சிரப். ஒரு பேட்ச்சில் லேபிள் மாறிப்போயிருக்கிறது. வீரியம் ஜாஸ்தியான மருந்து, வீரியம் குறைந்த லேபிள் ஒட்டிய பாட்டிலில் போயிருக்கிறது. அந்தப் பேட்ச் கடலூர் மாவட்டத்துக்கு என் மூலமாகத்தான் வந்திருக்கிறது. உடனே திரும்ப எடுங்கள் என்றார்கள். பேசியவர் பேட்ச் எண்ணை இரண்டு தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். சாதாரண மருந்தாக இருந்தால் எல்லாக் கடைக்கும் ஒரு செய்தி போட்டு "விற்காதே, ஏற்கெனவே வாங்கியவர்களை நிறுத்தச் சொல்" என்று சொல்லிவிடலாம். இது அப்படிப்பட்டது இல்லை. லேபிளில் இருக்கும் அளவுப்படி கொடுத்தால் குழந்தைக்கு மருந்து மிஞ்சிப்போகும். பயந்துபோய் ஒரு வேளை நிறுத்தினால் வலிப்பு வரும். நல்ல பேட்ச் வைத்திருப்பவர்களும் சேர்ந்து நிறுத்திவிடுவார்கள். எந்தக் கடைக்குப் போனது, அங்கிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று பார்த்து, பாட்டிலை மாற்றிக்கொடுக்க வேண்டும். சாயங்கால வேளை மருந்து கொடுப்பதற்கு முன்னால் கொடுத்தாக வேண்டும்.

பேட்ச் எண்ணைப் போட்டுத் தேடினால் எந்தெந்தக் கடை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். குமாரசாமியை அதைப் பார்க்கச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"முதலாளி, சாப்ட்வேர் திறக்கலை. சர்வரோட கனெக்‌ஷன் இல்லைன்னு சொல்லுது. எல்லா மிஷின்லயும் அதே கதைதான்."

"சிதம்பரத்துல?"

"அங்கயும் இல்லை. அவுங்க ரெஜினாவைக் கூப்பிட்டிருக்காங்க."

சர்வர் என்பது என் ஆபீசின் பின் அறையில் இருக்கும் பெட்டி. கடலூர் பில்லும் சிதம்பரம் பில்லும் அதில்தான் சேரும். போய்ப் பார்த்தேன். முந்தின நாள் ஆயுதபூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் நெற்றியில், மேலே வாடாத சாமந்தி மாலை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தோம். லீவு நாள், எடுத்தவர் தனியாளாக உட்கார்ந்து பல ஊர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் போல. குற்றம் சொல்லவில்லை. தூரத்திலிருந்தே என் சர்வருக்குள் வந்தார். திரையில் அம்பு தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"சார், டேட்டாபேஸ் கரப்ட் ஆன மாதிரி இருக்கு. கடைசி பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிட்டா சரியாயிடும். ஓகே குடுக்கவா?"

எனக்கு அவசரம். "குடு" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் என் செல்போன் அடித்தது. ரெஜினா.

"அண்ணே, நான் உங்க சிதம்பரம் கிளையிலதான் இருக்கேன். இங்கேருந்து பார்த்தா கனெக்‌ஷன் உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் போவுது, உள்ள யாரும் எந்திரிச்சு வரலை. அங்க இன்னா பண்றீங்க?"

சொன்னேன்.

"சர்வர்ல யார் கை இருக்குது?"

"சென்னைக்காரர் கை."

"எடுக்கச் சொல்லுங்க. மொதல்ல எடுக்கச் சொல்லுங்க! உங்க கடைசி பேக்கப் எப்ப எடுத்தது?"

குமாரசாமியைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னார். அந்த பேக்கப், இந்த வலிப்பு மருந்து என் கோடவுனுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் எடுத்தது.

ரெஜினா போனிலேயே மூச்சை இழுத்தது கேட்டது. "அதை மேல போட்டீங்கன்னா, அதுக்கப்புறம் போட்ட பில்லெல்லாம் போச்சு. மருந்து எந்தக் கடைக்குப் போச்சுன்னு சாமி வந்துதான் சொல்லணும்."

சென்னைக்காரரிடம் கையை எடுக்கச் சொன்னேன். "சார், வேற வழி இல்லை சார்," என்றார். "இருக்குதாம், லைன்ல இருங்க," என்றேன். இருக்கிறதா என்று எனக்கு அப்போது தெரியாது.

"அண்ணே, இப்ப உங்க டேபிள் மிஷின்ல உக்காருங்க. குமாரசாமி அண்ணன் வேணாம், அவருக்குக் கை நடுங்கும். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"நோட்பேடைத் திறங்க. ஒண்ணும் எழுதாதீங்க."

"ஒண்ணும் எழுதாம?"

"காலியா. அப்படியே டெஸ்க்டாப்ல சேவ் பண்ணுங்க. பேரு டெஸ்ட். அதுக்குப் பின்னாடி புள்ளி வெச்சு, யு டி எல்."

செய்தேன். இரண்டு தட்டு தட்டச் சொன்னார். மறுபடி வெற்று நோட்பேடுதான் திறந்தது. சொன்னேன்.

"கீழ 'ஆல் ஃபைல்ஸ்'னு மாத்தலையா நீங்க? மாத்தாம சேவ் பண்ணா அது பின்னாடி ஒரு வாலை ஒட்டிக்கும். திருப்பிப் பண்ணுங்க. சரக்கு வந்தா பெட்டி பெட்டியா சரிபாக்கத் தெரியுது, இது தெரியலையா?"

திரும்பச் செய்தேன். இந்த முறை ஐகானே வேறு மாதிரி வந்தது. தட்டினேன். ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. சர்வர் பேர், யூசர் பேர், பாஸ்வேர்டு, கீழே 'டெஸ்ட் கனெக்‌ஷன்' என்று ஒரு பொத்தான். இந்த ஜன்னல் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் சும்மா கிடக்கிறது, நாம்தான் கூப்பிடுவதில்லை என்று அவர் பின்னால் சொன்னார். என் சாப்ட்வேரை விட்டுவிட்டு நேராக சர்வரையே "இருக்கிறாயா?" என்று கேட்கும் வழி அது.

"மொதல்ல நம்ம சாப்ட்வேர் கேக்குற மாதிரியே கேட்டுப் பாப்போம். சர்வர் இருக்கிற இடத்துல அந்த நம்பரைப் போடுங்க."

சர்வருக்கு வீட்டு எண் மாதிரி ஒரு எண் உண்டு. அதை அவர் சொல்லச் சொல்லப் போட்டு, பாஸ்வேர்டையும் ஞாபகத்தில் இருந்தபடி அடித்து, பொத்தானை அமுக்கினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. குமாரசாமி பிள்ளையாரை வேண்டுவது கேட்டது. கடைசியில் சர்வர் கிடைக்கவில்லை என்று வந்தது. ஸ்பீக்கரில் சென்னைக்காரர், "நான் சொன்னேன்ல சார்," என்றார்.

"இன்னும் முடியலை," என்றார் ரெஜினா. "இப்ப நம்பரை எடுத்துட்டுப் பேரைப் போடுங்க. சர்வருக்கு நான் வெச்ச பேரு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. போட்டேன். அமுக்கினேன். இந்த முறை சுற்றவே இல்லை. உடனே சிவப்பாக ஒன்று வந்தது.

"ரெஜினா, மறுபடி எர்ரர் வந்துட்டுது."

"படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். லாகின் ஃபெயில்டு என்றிருந்தது.

போனில் கைதட்டுகிற சத்தம் கேட்டது. "பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருக்கீங்க! அண்ணே, உங்களைத் திட்டுறான். திட்டுறான்னா உயிரோட இருக்கான்! செத்தவன் திட்டுவானா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் தோளிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது போல இருந்தது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். "நீங்களே வெச்சதுதான். அண்ணி பேரு. அதுல கூடவா ஸ்பெல்லிங் தப்பு? அண்ணிகிட்ட சொல்லட்டுமா?" நிதானமாக அடித்தேன். டெஸ்ட் கனெக்‌ஷன் சக்ஸீடட் என்று வந்தது. குமாரசாமி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நடந்தது என்னவென்று ரெஜினா அங்கேயே கண்டுபிடித்துவிட்டார். நம் கடைகளில் ஆயுதபூஜைக்கு எல்லா வயரையும் பிடுங்கி, துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் திரும்ப மாட்டுவோம். இந்த எண்களைக் கொடுக்கும் ரூட்டர் பெட்டியையும் அணைத்துவிடுவோம். ஒவ்வொரு வருடமும் நான் முதலில் சர்வரின் ஸ்விட்சைத்தான் போடுவேன். அது பெரிய சாமி மாதிரி. அந்த வருடம் பூஜை நேரத்தில் நான் பண்ருட்டியில் மாமனார் வீட்டில். இங்கே சாமி பாட்டுப் போட வேண்டும் என்று பில்லிங் கம்ப்யூட்டரை முதலில் போட்டிருக்கிறார்கள். சர்வருக்கு வரவேண்டிய எண் அதற்குப் போய்விட்டது.

"கடலூர் பஸ்ஸு மாதிரிதாண்ணே," என்றார். "ஜன்னல் வழியா துண்டு போட்டு வெக்கணும். நீங்க துண்டு போடலை, மொதல்ல ஏறினவன் உக்காந்துட்டான். சர்வர் பாவம், பின்சீட்ல உக்காந்திருக்கு. நம்ம சாப்ட்வேர் பழைய சீட்டுல போய், ஆளக் காணோம், செத்துட்டான்னு அழுவுது. உங்க சாமி மேல தப்பு இல்லை. ஸ்விட்சு போட்ட வரிசைதான் தப்பு."

செட்டிங்ஸில் எண்ணுக்குப் பதில் பேரைப் போட்டதும் சாப்ட்வேர் திறந்தது. அதைச் செய்தவர் சென்னைக்காரர்தான். "சாரி சார்," என்றார். அந்த 'ஓகே'யை அமுக்குவதற்கு முன் என்னிடம் கேட்டாரே, அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

பேட்ச் எண்ணைப் போட்டோம். சில கடைகள்தான் வந்தன. ஒவ்வொன்றாக அடித்தோம். போனை எடுத்த கடைகளில் எல்லாம் பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. ஒரு கடை மட்டும் எடுக்கவில்லை. கிள்ளை போகிற வழியில் ஒரு ஊர். சிதம்பரம் கிளையிலிருந்து போன சரக்கு. போன் அணைத்திருந்தது. லீவுக்குக் கடை சாத்தியிருக்கும் என்றார் குமாரசாமி.

ரெஜினா இன்னும் லைனில் இருந்தார். "ஊர் பேரைச் சொல்லுங்க," என்றார். சொன்னேன். "உங்க கிளையில நல்ல பேட்ச் பாட்டில் இருக்குது, ஒண்ணு எடுத்துக்கிறேன். வண்டி வாசல்லதான் நிக்குது."

"நம்ம ஆளு யாரையாவது அனுப்புறேன் ரெஜினா. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"கடலூர்லேருந்து உங்க ஆளு வர்றதுக்குள்ள நான் போயிட்டுத் திரும்பிடுவேன். போனை வைங்க."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அடித்தால் எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் அடித்துக் கேட்டபோது, "ஒன்று பாக்கி," என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், அதனால் எடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் முடியலை என்று அவர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாயத் தொடங்கிய பிறகு கூப்பிட்டார். பின்னால் ஒரு ஆட்டின் சத்தம், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"அண்ணே, பாட்டில் கையில இருக்குது. சீல் உடைக்கலை."

குமாரசாமிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"கடைக்காரர் வீட்டைத் தேடிப் புடிச்சேன். நேத்து ஒரு அம்மா வாங்கிட்டுப் போச்சாம், படகுக்குப் போறவரோட சம்சாரம். பொண்ணுக்கு. பழைய பாட்டில்ல ஒரு வேளைக்கு மிச்சம் இருந்திருக்குது, வீணாக்கக் கூடாதுன்னு காலையில அதைக் குடுத்திருக்காங்க. சாயங்காலம்தான் இதை உடைக்கிறதா இருந்துச்சு. புதுசு குடுத்துட்டேன். பேட்ச் நம்பரை அந்தம்மாவையே படிக்க வெச்சுட்டேன். அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பதில் சொல்லுங்க அப்ப. செத்துட்டீங்களோன்னு நெனைச்சேன்."

மறுநாள் பழக்கூடையோடு சிதம்பரம் போனேன். கூடையை ஓரமாக வைத்துவிட்டு, "சர்வருக்குத் துண்டு போட்டாச்சா?" என்றுதான் கேட்டார். அதாவது, அந்த எண் வேறு யாருக்கும் போகாதபடி ரூட்டரில் பதிந்து வைத்தேனா என்று. இல்லை என்றேன். என்னை வைத்துக்கொண்டே தேவராஜிடம், "பாருங்க, பெரிய வியாபாரி," என்றார். அன்றே வந்து போட்டுக்கொடுத்தார்.

அந்த நாளைப் பற்றி அவர் வெளியில் சொல்லிக்கொண்டது இல்லை என்று நினைக்காதீர்கள். எல்லாரிடமும் சொன்னார், என் பாஸ்வேர்டு கதையையும் சேர்த்து. தான் கெட்டிக்காரி என்று அவருக்கே நன்றாகத் தெரியும், அதை மறைக்கவும் மாட்டார். ஆனால் கிள்ளைப் பக்கம் போனதை மட்டும் சொல்லவில்லை. அடக்கத்தன்று சிதம்பரத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு அம்மாவும் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் கையில் ரோஜா மாலை. சவப்பெட்டி வெளியே வரும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை. மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று மாதா மாதம் ரெஜினா அவர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார் என்று தேவராஜ்தான் பிறகு சொன்னார்.

நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். என் டெஸ்க்டாப்பில் அன்று நானே செய்த அந்த ஃபைல் அப்படியே இருக்கிறது. ஏதாவது நின்றுபோனால், சர்வரானாலும் வேலையாளானாலும் சரக்கு அனுப்பாத கம்பெனியானாலும், அடித்து நொறுக்குவதற்கு முன்னால் வேறு ஒரு வழியில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. அதனால் நான் இழக்காமல் தப்பித்தவை நிறைய.

போன வாரம் கரண்ட் போய் வந்த பிறகு, சர்வர் இருக்கிறதா என்று பார்க்க அந்த ஜன்னலைத் திறந்தேன். அவசரத்தில் மனைவி பேரை மறுபடி தப்பாக அடித்துவிட்டேன். உடனே திட்டு வந்தது, அதே வரி. குமாரசாமி எட்டிப் பார்த்து, "பாஸ்வேர்டு தப்பு முதலாளி, திருத்துங்க," என்றார்.

"தெரியும்," என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."